கருமத்தம்பட்டியில் அத்தையின் காதைக் கடன் வாங்கியது

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பஸ் நேரம் தேடி வருகிறவர்கள், மீதிப் பேர் மைக் பற்றித் தேடி வருகிறவர்கள். இந்த முறை இரண்டு கூட்டத்துக்கும் தீனி இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருமத்தம்பட்டிக்குப் போய், ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தால் காதில் விழும் சத்தத்தைப் பதிவு செய்துவந்தேன். அதை உலகத்தின் வேறு மூலையில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டாலும் அந்த முன்னறையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்க வேண்டும் என்பது திட்டம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். தூரம் குறைவு, மண்டையிடி அதிகம்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரோஸ்லின் நர்ஸ். போன அக்டோபரில் அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். குளிர் பழகிவிட்டது, சாப்பாடு பழகிவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. அவள் தங்கியிருக்கும் இடம் அவ்வளவு அமைதியாம். "சத்தமே இல்லீங்க. காதுக்குள்ள பஞ்சு அடச்ச மாதர இருக்குது. படுத்தா முழிச்சுட்டே கெடக்கறேன்" என்பாள். சிரிக்காதீர்கள். கருமத்தம்பட்டியில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் குடோன். பிறந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறாள். கல்யாணமாகிப் பீளமேட்டில் என் ஃபிளாட்டுக்கு வந்த புதிதில்கூட, தூங்குவதற்காகப் பழைய டேபிள் ஃபேனைப் பீரோவை ஒட்டி வைத்து அது கடகடவென்று ஆடுகிற மாதிரி ஓடவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் போன பிறகு அதே ஃபேனை அதே இடத்தில் வைத்து நான் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். அது தனிக் கதை.

ஜனவரியில் அவள் பேசியபோது குரலே மாறியிருந்தது. மாத்திரை போட ஆரம்பித்திருந்தாள். மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒரு பாட்டியின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிட்டது என்றாள். "இப்படியே போனா ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போடுவேன். பேசாம வந்துடட்டுமாங்க?" என்று கேட்டாள். வந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வேலைக்காக அவள் இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்தவள். தூக்கம் வராததால் மட்டும் அதை விட்டுவிட்டு வந்தால் பிறகு அவளால் அதைத் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால், "உன் ஊட்டை அங்கெ அனுப்பறேன், ஒரு மாசம் பொறு" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

நான் மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். எந்த மோட்டார் எவ்வளவு இரைகிறது என்று அளப்பது என் பிழைப்பு. ஆகவே இது எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை என்று நினைத்தேன். செல்போனில் பிடித்த தறிச் சத்தம் உதவாது, அது தகர டப்பாவுக்குள் கேட்பது போலிருக்கும். பைனாரல் முறையில் எடுக்க வேண்டும். ஒன்றுமில்லை, பட்டாணி அளவுள்ள இரண்டு மைக்குகளை இரண்டு காது ஓட்டையின் வாசலிலும் வைத்துக்கொண்டு பதிவு செய்வது. மைக் ஜோடி ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய், ரெக்கார்டர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. பொங்கல் லீவில் மாமியார் வீட்டுக்குப் போய் என் காதிலேயே மாட்டிக்கொண்டு பதிவு செய்தேன். திரும்பி வந்து ஃபிளாட்டில் கேட்டால், அடேயப்பா! வலது பக்கச் சுவருக்கு அப்பால் தறி ஓடுகிறது, இடது பக்கம் தெருவில் மொபெட் போகிறது, முதுகுக்குப் பின்னால் எங்கேயோ மாதா கோயில் மணி அடிக்கிறது. கண்ணை மூடினால் அந்த வீடுதான். பெருமையாக அனுப்பிவைத்தேன்.

"எல்லாம் உச்சந்தலையில ஓடுதுங்க" என்று பதில் வந்தது. "தறி நெத்திக்குள்ள இருக்குது. மணி முன்னாடி அடிக்குது. எங்க ஊடு மாதிரியே இல்லீங்க."

இங்கேதான் நான் பாடம் படித்தேன், நீங்களும் படித்துக்கொள்ளுங்கள். ஒரு சத்தம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று நமக்குச் சொல்வது நம் காது மடலின் மேடு பள்ளங்கள். ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு மாதிரி. அவரவர் மூளை அவரவர் காதுக்குப் பழகியிருக்கிறது. என் காதில் எடுத்ததை அவளுக்கு அனுப்பியது, என் பவர் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டிவிட்டு நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டது போல. இது போதாதென்று ஹெட்ஃபோனும் தன் பங்குக்குச் சில சுருதிகளின் சத்தத்தை ஏற்றி, சிலவற்றின் சத்தத்தை இறக்கிவிடும். அதையும் அந்தக் காதில் வைத்துத்தான் அளந்து கழிக்க வேண்டும். ஆக எனக்குத் தேவை ரோஸ்லினின் காது. அது அயர்லாந்தில் இருக்கிறது.

அன்றைக்குக் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு காது பார்க்க ஆரம்பித்தேன். எட்டு வருடம் பக்கத்தில் படுத்தவன் என்பதால் அவளுடைய வலது காது எனக்கு மனப்பாடம். இடது காதை ஆல்பத்தில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். இவ்வளவு நாள் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று இருந்தது. அவள் தம்பிக்கு விரிந்த காது, ஒத்துவராது. மாமனார் இப்போது இல்லை, படத்தில் அவர் காதும் விரிந்ததுதான். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அத்தை, என் மாமியார். முகம் வேறு, நிறம் வேறு, காது மட்டும் அச்சு அசல். மேல் மடிப்பு உள்ளே திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சு, அது உட்பட. ரோஸ்லினை அப்பா ஜாடை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். காதை யாரும் பார்த்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். அவினாசி ரோட்டில் போகும் பஸ்கள் நிறைய உண்டு, ஆனால் எல்லாம் கருமத்தம்பட்டியில் நிற்காது. ஏறும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏனுங்க, ஏறயிலயே சொல்றதில்லீங்களா? பாலத்து மேலதானுங்க போகும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, என் மடியிலிருந்த மைக் பெட்டியைப் பார்த்து, "சரி, பாலத்துக்கு முன்னால சித்த நிறுத்தறேன், சட்டுனு எறங்கிக்கோணும்" என்றார். டிக்கெட் முப்பது ரூபாய். ஏழே முக்காலுக்கு இறங்கி, சோமனூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். பிப்ரவரி காலை நடப்பதற்குச் சுகமாக இருக்கும். ஆடி மாதத்தில் இந்தக் காரியத்துக்கு வந்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் அடித்தால் தறியும் கேட்காது, ஒன்றும் கேட்காது.

அத்தை பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. எங்கெ உக்கோரோணும்னு சொல்லுங்க. பூ செரியா இருக்குதுங்களா?"

"அத்தை, இது சத்தம் மட்டுந்தானுங்க. படம் வராதுங்க."

"அப்ப அவ என்னையப் பாக்க மாட்டாளாங்க?" அத்தையின் முகம் விழுந்துவிட்டது. பட்டுச் சேலை மூச்சு விட்டாலே சரசரக்கும், அதையும் மாற்ற வேண்டும் என்று சொல்ல எனக்கே பாவமாக இருந்தது. உள்ளே போய் நைந்த காட்டன் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பூவை மட்டும் எடுக்கவில்லை. பூ சத்தம் போடாதுங்க என்றார். நியாயம்தான்.

அடுத்தது கம்மல். தொங்கட்டான் வைத்த கம்மல் மைக் ஒயரில் இடித்தால் பதிவில் இடி விழுந்த மாதிரி கேட்கும். கழற்றச் சொன்னேன். "மூளிக் காதோட உக்கோரச் சொல்றீங்களா?" என்று கேட்டார். கடைசியில் தொங்கட்டானை மட்டும் கழற்றிவிட்டு ஒற்றைக் கல்லோடு இருப்பது என்று ஒப்பந்தம் ஆனது.

மைக்கைக் காதில் வைப்பதுதான் பெரிய பிரச்சினை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற மாமியார் அவர். எட்டு வருடத்தில் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் காதை நான் தொடுவதா? இரண்டு பேருக்குமே அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆகவே அத்தை கண்ணாடி முன் நின்று தானே மாட்டிக்கொண்டார், நான் நாலடி தள்ளி நின்று "இன்னுங் கொஞ்சம் உள்ள, இன்னுங் கொஞ்சம் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று காட்டுவதற்காக அவர் தலையைத் திருப்பினார். மடிப்பு, முடிச்சு, ஓரத்தில் பூனை முடி. ரோஸ்லின் தூங்கும்போது நான் பார்க்கிற அதே காது. கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"என்னங்க மாப்ள, அழுக்கா இருக்குதுங்களா?"

"இல்லீங்க அத்தை. செரியா இருக்குதுங்க" என்றேன். குனிந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. ரோஸ்லினும் நானும் ஒரே மாதிரி ஹெட்ஃபோன் இரண்டு வாங்கியிருந்தோம். ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். மைக் காதில் இருக்கும்போதே அதன் மேல் ஹெட்ஃபோனை மாட்டி, இரைச்சல் ஒன்றை ஓடவிட்டு, அது காது வாசலில் எப்படி வந்து சேருகிறது என்று லேப்டாப்பில் பார்க்க வேண்டும். ஹெட்ஃபோன் எதை ஏற்றியதோ அதை இறக்க வேண்டும், எதை இறக்கியதோ அதை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கொஞ்சம் மாறும் என்பதால் ஐந்தாறு தடவை கழற்றி மாட்டிச் சராசரி எடுங்கள். மைக் லேசாக நகர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையால் காட்டும் பரிசோதனை. ஐந்து நிமிடம் பதிவு செய்து, அதையே அத்தைக்கு ஹெட்ஃபோனில் போட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விரலால் காட்டச் சொன்னேன். தறி எங்கே என்றால் இடது பக்கம் தெருவைக் காட்டினார். தெரு எங்கே என்றால் வலது பக்கச் சுவரைக் காட்டினார். எல்லாம் தலைகீழ். நான் ஒயரைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன், ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் மைக்கையே சந்தேகப்பட்டேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில்தான் பார்த்தேன். சிவப்புப் புள்ளி போட்ட மைக் வலது காதுக்குரியது. கண்ணாடியில் பார்த்து மாட்டிய அத்தை அதை இடது காதில் வைத்திருந்தார். யாராவது ஒரு ஆள் பக்கத்தில் போய்த் தொட்டு மாட்டியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. மரியாதைக்குக் கொடுத்த விலை ஒரு மணி நேரம்.

மாற்றி மாட்டி, மறுபடி அளந்து, மறுபடி பதிவு செய்தேன். இப்போது அத்தை கண்ணை மூடியபடியே தறியை வலது சுவரில் காட்டினார். எந்த இடம் என்று கேட்டதற்கு, காலண்டர் தொங்குகிற ஆணிக்குக் கொஞ்சம் கீழே என்றார். ஹெட்ஃபோனைத் தூக்கிவிட்டுக் கேட்கச் சொன்னேன். அதே இடம். மாட்டினால் அதே இடம். அதற்குள் பதிவில் யாரோ கேட்டைத் திறக்கும் சத்தம் வர, "ஆரோ வந்திருக்கறாங்க, பாருங்க மாப்ள" என்று எழுந்தேவிட்டார். வெளியே யாரும் இல்லை. அது பத்து நிமிடத்துக்கு முன்னால் தண்ணீர் கேன் போட வந்தவர். என் சர்வீஸில் எந்த மோட்டார் டெஸ்ட் பாஸானபோதும் நான் அப்படிக் கை தட்டியதில்லை.

கை தட்டல் கேட்டுப் பக்கத்துக் குடோன்காரர் நடராஜ் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தச் சத்தம் ஆகலைன்னு புது ஊடு கட்டுனவீக எல்லாம் என்ற கூடச் சண்டைக்கு வாராங்க. நீங்க இதை எடுத்துட்டு சீமைக்கு அனுப்பறீங்களா? எச்சா வேணும்னா சொல்லுங்க, இன்னும் ரெண்டு தறி சேத்து ஓட்டறேன்." வேண்டாங்க, எப்போதும் ஓடுகிற மாதிரியே ஓடட்டும் என்று கும்பிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, சத்தத்தின் அளவு. சுவரைத் தாண்டி வரும் தறி எவ்வளவு மெல்லக் கேட்குமோ அவ்வளவு மெல்லத்தான் அவளுக்கும் கேட்க வேண்டும். அயர்லாந்தில் அவள் வால்யூமை எங்கே வைப்பாள் என்பதற்கு எளிய வழி சொடக்கு. பதிவின் ஆரம்பத்தில், உட்கார்ந்திருப்பவரிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, முன்னால், வலப்பக்கம், பின்னால், இடப்பக்கம் என்று சுற்றி வந்து சொடக்குப் போட வேண்டும். கேட்கிறவர் தன் கையை நீட்டிச் சொடக்குப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே அளவாகக் கேட்கும்படி வால்யூமை வைத்துக்கொண்டால் தீர்ந்தது. எனக்குச் சொடக்கு எப்போதும் முதல் தடவை வராது. வழுக்கிவிட்டு இரண்டாவதுதான் டக்கென்று வரும். அன்றும் அப்படித்தான் அத்தையைச் சுற்றி வந்தேன்.

மணி பதினொன்று ஐம்பது. மைக் ஓடிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடிக்கும், அது பதிவில் வந்தாக வேண்டும் என்பது என் ஆசை. ரோஸ்லின் நேரம் பார்த்து வளர்ந்ததே அந்த மணியில்தான். மைக் காதில் இருப்பவர் பேசக் கூடாது என்று அத்தையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நம் குரல் நம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேருவதால், பதிவைக் கேட்கிறவருக்கு அது வலதும் இல்லாமல் இடதும் இல்லாமல் மண்டைக்கு நடுவில் கேட்கும். அதை வெளியே எடுத்துவைக்க எந்த வித்தையும் இல்லை. அத்தை பொம்மையாட்டம் உட்கார்ந்திருந்தார். நான் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு. மணி அடித்தது. பின்பக்கம், கொஞ்சம் இடதாக, காற்றில்லாத வெயிலில் அவ்வளவு சுத்தமாக.

அத்தையின் கை நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டுக்கொண்டார், வளையல் இரண்டு காதிலும் கிணுங்கியது. திரிகால செபம் ஆரம்பித்துவிட்டது. கத்தோலிக்கர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அந்த மணி கேட்டால் வாய் தானாகச் சொல்லும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்ன வாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். குறுக்கே பேசவா முடியும்? செபம் முடிந்து அவராக இரண்டு வார்த்தை சேர்த்தார். "மாதாவே, என்ற கண்ணு ராத்திரி நல்லாத் தூங்கோணும். அவ பாவம். அவளுக்கு நல்ல தூக்கத்தைக் குடு தாயே." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ மாப்ள! எல்லாத்தையும் கெடுத்துப்போட்டேனுங்களா?"

"பரவால்லீங்க அத்தை. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொருக்கா அடிக்குமுல்ல."

"மனசுக்குள்ளயே சொன்னாச் சேருங்களா?"

சேருங்க என்று மோட்டார் டெஸ்டிங் பிரிவின் சார்பில் உறுதி கொடுத்தேன். மத்தியானம் கொள்ளுப் பருப்பும் ரசமும். அத்தை பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

ஆறு மணிப் பதிவு எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. அத்தை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்ததே தவிர ஒரு சத்தம் வரவில்லை. இரண்டு பதிவையும் லேப்டாப்பில் ஒழுங்கு செய்து, எட்டு மணிக்கு ரோஸ்லினுக்கு அனுப்பினேன். சொடக்கு பன்னிரண்டு மணிப் பதிவில் மட்டும்தான் இருந்தது, மறுபடி சுற்றி வர மறந்துவிட்டேன். அதனால், "முதல் ஃபைலில் சொடக்கு வரைக்கும் கேட்டு வால்யூம் வை. பிறகு இரண்டாவது ஃபைலுக்குப் போய்விடு. முதலாவதில் அம்மா பேசிவிட்டார்கள், கெட்டுப்போன பதிவு" என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு லீவு. தெருவே ஊமையாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஞாயிறு மட்டும் லீவு கிடைக்கிறவர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பூசை முடிந்து வந்த அத்தை கோழிக்குழம்பு வைத்தார். "ஞாயித்துக்கெழமன்னா எனக்கும் மத்தியானத் தூக்கம் வாராதுங்க மாப்ள" என்றார். இரண்டு பேரும் என் போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை. பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன்.

திரும்புவதற்குச் சோமனூர் ரயில் வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், பத்து நிமிடம். கோயம்புத்தூர் பாசஞ்சருக்குப் பத்து ரூபாய் டிக்கெட். ரயில் குறைவு, நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். நான் பார்க்காமல் போனதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். சின்ன ஸ்டேஷன், வேப்ப மரத்தடியில் சிமென்ட் பெஞ்சு, எதிர்த் தண்டவாளத்தில் ஆடு. ஒன்றரை மணிக்கு, அயர்லாந்தில் காலை எட்டு, ரோஸ்லினிடமிருந்து குரல் செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்.

"ஏனுங்க, நான் இப்பத்தான் எந்திரிச்சேன். பத்து மணிக்குப் படுத்தவ. மாத்திரை போடலீங்க. ரெண்டாவது ஃபைலுக்குப் போவேயில்ல. தறி செவுத்துக்கு அக்கட்டால ஓடுச்சு, மணி பின்னாடி அடிச்சுது, நம்ம ஊடேதானுங்க. அப்பறம் அம்மா பேசுச்சு. எந்தப் பக்கமிருந்தும் வரலீங்க. எனக்குள்ளருந்தே வந்துச்சு. நானே எனக்காக வேண்டிக்கிட்ட மாதர இருந்துச்சு. அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டுத் தூங்கிட்டேன். அதைக் கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க. சரி பண்றேன்னு கைய வெச்சுப்போடாதீங்க."

அத்தைக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப நான் வாயத் தொறந்தது தப்பில்லீங்களா மாப்ள?" என்றார். இல்லீங்க அத்தை என்றேன். ரயில் வந்த பிறகு நானும் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். அது என் காதுக்கு எடுத்த பதிவு இல்லை. எனக்குத் தறி நெற்றிக்குள் ஓடியது, மணி எங்கேயோ மேலே அடித்தது. என் மனைவியின் காதில் உலகம் எப்படிக் கேட்கிறது என்பதை நான் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. அதை நினைத்து இருகூர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் இல்லாத ஃபிளாட்டுக்குத் திரும்புவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

முயற்சி செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். யாருக்காகப் பதிவு செய்கிறீர்களோ அவர் காதில் எடுப்பதுதான் முதல் தரம். அவர் கிடைக்காவிட்டால் இரத்த சம்பந்தத்தில் காது பார்த்துத் தேடுங்கள், முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முழுக்கச் சரியாக வராது, ஆனால் உங்கள் காதைவிட எவ்வளவோ மேல். கேட்கிறவரிடம் என்ன ஹெட்ஃபோன் இருக்கிறதோ அதே மாதிரி ஒன்றை வைத்து அளவெடுங்கள். சிவப்பு வலது. கண்ணாடி பார்த்து மாட்டினால் இரண்டு தடவை சரிபாருங்கள். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் நல்லது, வெயில் ஏறினால் ஃபேன் போடச் சொல்வார்கள், ஃபேன் போட்டால் எல்லாம் போச்சு. மணி அடிக்கும் நேரத்தில் செபம் சொல்கிறவர்களைத் தடுக்காதீர்கள்.

சொடக்குப் போடுகிறவர் சரியாக ஒரு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நானும் டேப் வைத்து அளந்து அப்படித்தான் நின்றேன். அளவுக்கு அது போதும். ஆனால் ரோஸ்லினின் குரல் செய்தி அதோடு முடியவில்லை, கடைசியில் இன்னும் ஒன்று இருந்தது. "மொதல்ல நீங்க என்னையச் சுத்தி வந்தீங்க. வழக்கம் போல மொதச் சொடக்கு உங்களுக்கு வரல. எடது பக்கம் வந்தப்ப கண்ணத் தொறக்காம கைய நீட்டிப் பாத்தேன். ஒரு கை தூரந்தானுங்க இருந்தீங்க. அடுத்தவாட்டி இன்னுங் கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க."